பயிற்சியில் சரியாக விழும் சர்வ் போட்டியில் மட்டும் ஏன் வலையில் விழுகிறது?

11-ஆம் வகுப்பில் படிக்கிறீர்கள், பேட்மின்டன் ஆடுகிறீர்கள், பயிற்சியில் உங்களிடம் வழக்கமாகத் தோற்பவர்களிடமே போட்டியில் தோற்றுவிடுகிறீர்கள். விளையாட்டு உளவியல் என்று ஒரு துறை இருப்பதாகக் கேள்விப்பட்டு, அது நிஜமான அறிவியல்தானா, அதைக் கற்றால் பயம் போய்விடுமா, பின்னால் அதையே படித்துத் தொழிலாக்கிக்கொள்ள முடியுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "உனக்கு மன உறுதி இல்லை என்று கோச் சொல்கிறார், அது பிறவியிலேயே இருக்க வேண்டியதா?" நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். முதலில் அதற்கே பதில்: இல்லை. பிறவிக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன்; சிலர் சுபாவத்திலேயே சீக்கிரம் படபடப்பவர்கள். ஆனால் போட்டியில் கை இறுகிப்போவது பெரும்பாலும் பேக்ஹேண்ட் வராததைப் போன்ற ஒரு குறை. பேக்ஹேண்டைப் போலவே அதையும் பழக்கிவிடலாம்.

உளவியல் படித்துவிட்டு 18 ஆண்டுகளாகப் பள்ளி, கல்லூரி வயது வீரர்களுடன் வேலை செய்து வருகிறேன். ராக்கெட் ஆட்டங்கள், நீச்சல், தடகளம் ஆகியவற்றில்தான் என் அனுபவம். குழு ஆட்டங்களைப் பற்றி நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் படித்தறிந்தது. நீங்கள் ஆடி நான் பார்த்ததும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மனம் ஆட்டத்தை எப்படி மாற்றுகிறது, ஆட்டம் மனத்தை எப்படி மாற்றுகிறது என்ற இரண்டையும் ஆராய்வது விளையாட்டு உளவியல். இரண்டாவது பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அதற்குப் பிறகு வருகிறேன். 1898-இல் நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்கர், சைக்கிள் பந்தயக்காரர்கள் தனியாக ஓட்டும்போதைவிடப் பிறரோடு சேர்ந்து ஓட்டும்போது வேகமாக ஓட்டுவதைப் பந்தயப் பதிவேடுகளில் கவனித்தார். பிறகு சிறுவர் சிறுமியரை அழைத்து, தூண்டில் நூல் சுற்றும் உருளையைத் தனியாகவும் ஜோடியாகவும் சுற்ற வைத்தார். பலர் ஜோடி சேர்ந்ததும் வேகமானார்கள். சிலர் பக்கத்தில் ஆள் வந்ததுமே தடுமாறி மெதுவானார்கள். பாடநூல்கள் முதல் கூட்டத்தைப் பற்றியே அதிகம் பேசும். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கூட்டம், நீங்களும் அதில்தான். அந்த எண்களைப் பிற்காலத்தில் இன்றைய புள்ளியியல் முறையில் மறுபடி கணக்கிட்டுப் பார்த்தபோது வித்தியாசம் மிகச் சிறியதாகவே இருந்தது. இந்தத் துறை தன் முதல் ஆய்வையே மறுபடி எடுத்துச் சரிபார்க்கிறது என்பதுதான் அதன்மேல் எனக்கு நம்பிக்கை வரக் காரணம். 1925-இல் கோல்மன் கிரிஃபித் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். 1932-இல் அது மூடப்பட்டது. உலகளாவிய சங்கம் உருவானது 1965-இல், ரோமில். ஆக, அறிவியல்தானா என்றால் ஆம், ஆனால் வயதில் இளையது. பல ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் சில பத்துப் பேர்தான், அதிலும் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். அதனால் இதில் எது உறுதி, எது இன்னும் ஆட்டம் காண்கிறது என்று பிரித்துச் சொல்லாமல் பதில் எழுதுவது நியாயமாகாது.

"மன உறுதி இல்லை" என்ற சொல்லுக்கு வருவோம். காய்ச்சல் அடிக்கிறது என்று சொன்னால் எந்தக் கிருமி என்று தெரிந்துவிடுவதில்லை. இதுவும் அப்படித்தான். போட்டிக்கு முன் ஒருவருக்குள் நடப்பதை இந்தத் துறை குறைந்தது இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒன்று உடம்பில் நடப்பது: நெஞ்சு அடித்துக்கொள்வது, உள்ளங்கை வியர்ப்பது, வயிறு பிசைவது, தோள் இறுகுவது. இன்னொன்று எண்ணத்தில் நடப்பது: தோற்றால் என்ன சொல்வார்கள், மறுபடியும் அதே சர்வ் தவறினால் என்ன ஆகும். இரண்டும் ஒன்றாகவே வரவேண்டும் என்பதில்லை. உடம்புப் படபடப்பு பெரும்பாலும் முதல் சில ராலிகளில் தானாக இறங்கிவிடும். எண்ணத்தின் கவலை அப்படி இறங்காது. ஸ்கோர் மாறும்போதெல்லாம் ஏறி இறங்கும். உங்களுக்கு எது முதலில் வருகிறது என்று தெரியாமல் மருந்து சொல்வது குருட்டாம்போக்கு.

பயம் போய்விடுமா என்று கேட்டீர்கள். போகாது. போகவும் வேண்டாம். "பதறாத காரியம் சிதறாது" என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. வாழ்க்கையில் பல இடங்களில் அது சரி. ஆனால் போட்டிக்கு முன் ஒரு பிள்ளையிடம் அதைச் சொன்னால், அந்தப் பிள்ளை தன் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டே மேலும் பயப்படும்: ஐயோ, பதறிவிட்டேனே, இனி சிதறப்போகிறேனே என்று. நான் பார்த்த மிக நல்ல ஆட்டக்காரர்களில் பலர் ஆட்டத்துக்கு முன் வாந்தி எடுக்கும் அளவுக்குப் பதறுகிறவர்கள். பதற்றத்தோடேயே சிதறாமல் ஆடப் பழகிக்கொண்டவர்கள்.

பாடநூலைத் திறந்தால், கவிழ்த்த கிண்ணம்போல ஒரு வளைகோடு இருக்கும்: விழிப்பு, அதாவது உடம்பும் மனமும் முறுக்கேறியிருக்கும் அளவு, குறைந்தாலும் ஆட்டம் கெடும், கூடினாலும் கெடும், நடுவில் இருக்கும்போது நன்றாக வரும் என்று. இது 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து வந்தது. மின்னதிர்ச்சி கொடுத்து, எலிகள் இரண்டு பெட்டிகளுக்கிடையே வித்தியாசம் காண எவ்வளவு சீக்கிரம் கற்கின்றன என்று பார்த்தார்கள். எலியிலிருந்து எட்டு வைத்து விளையாட்டு மைதானத்துக்குத் தாண்டியது பெரிய தாண்டல். அந்தக் கோடு பொய் என்று சொல்லமாட்டேன், ஆனால் எல்லோருக்கும் நடுவே ஒரே இடம் என்பது சரியாக வரவில்லை. சோவியத் வீரர்களோடு வேலை செய்த யூரி ஹானின் சொன்னதுதான் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது: ஒவ்வொருவருக்கும் தனித்தனியான ஒரு மண்டலம் இருக்கிறது. ஒருவர் கொதித்துக்கொண்டிருக்கும்போது நன்றாக ஆடுவார், இன்னொருவர் தூங்கி எழுந்தவர்போல் இருக்கும்போது. உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பத்து நிமிடம் முன்பு, படபடப்பு பத்துக்கு எவ்வளவு என்று ஓர் எண் எழுதுங்கள். ஆட்டம் முடிந்து, முடிவை மறந்துவிட்டு, எவ்வளவு நன்றாக ஆடினீர்கள் என்று இன்னோர் எண். பதினைந்து இருபது ஆட்டங்களுக்குப் பிறகு பாருங்கள். மிக நன்றாக ஆடிய நாளில் படபடப்பு ஏழாக இருந்ததைப் பார்த்துத் திகைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் சர்வ் ஏன் வலையில் விழுகிறது? இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரு திறமையைக் கற்கும்போது ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்கிறோம்: மணிக்கட்டு இப்படி, முழங்கை அப்படி. பல ஆயிரம் முறை செய்த பிறகு அது கைப்பழக்கமாகிவிடுகிறது. அப்புறம் கைக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. நெருக்கடி வரும்போது நாம் என்ன செய்கிறோம் என்றால், இந்த முறை தவறக்கூடாது என்று கையிடமிருந்து வேலையைப் பிடுங்கி மறுபடி நாமே செய்யப் பார்க்கிறோம். முழுதாக ஓடிக்கொண்டிருந்த அசைவு துண்டுதுண்டாக உடைகிறது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், தேர்ந்த கால்பந்து வீரர்களை, பந்தை உருட்டிச் செல்லும்போது பாதத்தின் எந்தப் பக்கம் படுகிறது என்று கவனிக்கச் சொன்னார்கள் சியான் பெய்லாக்கும் உடன் ஆய்வாளர்களும். அந்த வீரர்கள் மெதுவானார்கள். அதையே புதிதாகக் கற்பவர்களிடம் சொன்னபோது அந்தக் கெடுதல் வரவில்லை. அதாவது "நன்றாகக் கவனித்து ஆடு" என்ற அறிவுரை, அசைவைக் கவனிப்பது என்று புரிந்துகொள்ளப்பட்டால், நன்றாக ஆடத் தெரிந்தவரையே கெடுக்கும். 1992-இல் ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தட்டுவதைச் சிலருக்கு எப்படித் தட்டுவது என்ற விதிமுறைகளோடும், சிலருக்கு விதிகளை யோசிக்கவே இடம் கொடுக்காமல் எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே இருக்க வைத்தும் கற்க விட்டார். நெருக்கடி கொடுத்தபோது, விதிகளோடு கற்றவர்கள் தடுமாறினார்கள். விதி தெரியாமல் கற்றவர்கள் அந்த அளவு தடுமாறவில்லை. பிடித்துத் தொங்க அவர்களிடம் விதி எதுவும் இல்லை.

ஆனால் இது ஒரு பாதை மட்டுமே. இன்னொரு விளக்கமும் உண்டு, அதற்கும் ஆதாரம் இருக்கிறது: அந்தந்த நொடிக்குத் தேவையானதைப் பிடித்து வைக்கும் நினைவில் கவலை இடத்தை அடைத்துக்கொள்கிறது, எங்கே அடிப்பது என்று முடிவெடுக்க இடம் மிஞ்சுவதில்லை. இந்த இரண்டு விளக்கங்களில் எது சரி என்று ஆய்வாளர்கள் நெடுநாளாக வாதிடுகிறார்கள். என் எண்ணம், இரண்டும் வெவ்வேறு இடங்களில் சரி. சர்வ், கூடைப்பந்தின் ஃப்ரீ த்ரோ, கால்பந்தின் பெனால்டி போல நேரம் இருந்து, தனியாக நின்று செய்யும் செயலில் முதல் பாதைதான் பெரும்பாலும் கெடுக்கிறது. ராலியின் நடுவே தப்பான ஷாட்டைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டாவது. நெருக்கடியில் மனிதர்கள் சும்மா இருப்பதைவிட எதையாவது செய்துவிடத் துடிப்பார்கள். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் 286 பெனால்டி உதைகளைப் பார்த்தார்கள். உதைகளில் 28.7 சதவீதம் நடுவே வந்தன. கோல்கீப்பர்கள் நடுவே நின்றதோ 6.3 சதவீதம்தான். நிற்பதே நல்லது என்ற இடத்திலும் பாய்ந்தார்கள், ஏனென்றால் நின்று கோல் விட்டால் ஒன்றுமே செய்யாததுபோல் தெரியும். பின்தங்கி இருக்கும்போது பொறுமையாகத் தூக்கி அடிக்க வேண்டிய இடத்தில் நீங்கள் ஸ்மாஷுக்குப் போகிறீர்களா என்று கவனியுங்கள்.

சரி, என்ன செய்வது? சர்வ் விஷயத்தில் நான் முதலில் கற்றுக்கொடுப்பது ஒரு மாறாத சடங்கு. ஷட்டிலை எடுக்கிறீர்கள். மூச்சை உள்ளே இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுகிறீர்கள். மூச்சை விடும்போது இதயம் தானாகவே சற்று மெதுவாகும், இது உடலியலில் சந்தேகமில்லாத விஷயம். வலையின் மேல்நாடாவில் ஷட்டில் தாண்ட வேண்டிய ஓர் இடத்தைப் பார்க்கிறீர்கள், பார்வையை அங்கேயே நிறுத்துகிறீர்கள். ஒரு சொல் சொல்லிக்கொள்கிறீர்கள். அடிக்கிறீர்கள். மொத்தம் ஐந்தாறு நொடிதான், அதற்கு மேல் நடுவர் பொறுக்கமாட்டார். பார்வையை நிறுத்துவது ஏன் என்றால், 1996-இல் ஜோன் விக்கர்ஸ் கூடைப்பந்து ஃப்ரீ த்ரோவில் கண் அசைவுகளைப் பதிவு செய்தபோது, தேர்ந்தவர்களின் பார்வை எறிவதற்கு முன் வளையத்தில் நெடுநேரம் நிலைத்திருந்ததைக் கண்டார். அடுத்த நிலையில் இருந்தவர்களின் பார்வை அலைந்தது. பேட்மின்டன் சர்வில் எங்கே பார்ப்பது என்பது மட்டும் என் அனுபவத்தில் நான் வைத்துக்கொண்ட வழி. கோச் வேறு இடம் சொன்னால் அதையே பாருங்கள், அலையாமல் இருப்பதே முக்கியம். சொல்லும் அப்படித்தான். "மணிக்கட்டு" என்று சொன்னால் மறுபடி கையைக் கவனிக்கத் தொடங்குவீர்கள். "மெல்ல" அல்லது "தாண்டு" போல, ஷட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும் சொல்லாக இருக்கட்டும். இப்படி மனதுக்குள் பேசிக்கொள்வது பற்றி 2011-இல் 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நடுத்தர அளவு பலன் தெரிந்தது, நுணுக்கமான செயல்களில் கூடுதலாக. அசைவைவிட அதன் விளைவைக் கவனிப்பதே நல்லது என்று கேப்ரியேல் வுல்ஃப் 1990-களிலிருந்து சொல்லிவருகிறார். ஆனால் நல்ல முடிவு வந்த ஆய்வுகளே அதிகம் வெளியாகியிருக்கின்றன, பலன் சொல்லப்பட்ட அளவு பெரிதல்ல என்று அண்மையில் கேள்வி எழுந்திருக்கிறது. நான் இன்னும் அதைப் பயன்படுத்துகிறேன், உறுதியாக நிறுவப்பட்டது என்று மட்டும் சொல்வதில்லை.

சடங்கைப் போட்டி நாளில் முதல்முறையாகச் செய்து பார்த்தால் அது இன்னொரு பாரமாகிவிடும். பயிற்சியில் ஒவ்வொரு சர்வுக்கும் செய்ய வேண்டும், சலிப்பு வந்த பிறகும். அதோடு பயிற்சிக்குள் கொஞ்சம் நெருக்கடியையும் கொண்டுவர வேண்டும். நெதர்லாந்தில் ஒரு சோதனையில், ஏறும் சுவரின் உயரத்தில் நிற்க வைத்து டார்ட் எறியப் பழக்கினார்கள். லேசான பயத்தோடு பழகியவர்கள், பின்னால் அதைவிடக் கூடுதல் பயத்திலும் தடுமாறவில்லை. தரையில் மட்டுமே பழகியவர்கள் தடுமாறினார்கள். உங்களுக்குச் சுவர் வேண்டாம். இரண்டு புள்ளி பின்தங்கி, இரண்டே புள்ளியில் ஆட்டம் முடியும் நிலையிலிருந்து தொடங்குங்கள். தோற்றவர் வலையைக் கழற்றி மடிக்க வேண்டும் என்று வையுங்கள். அணி முழுவதையும் சுற்றி நிற்கச் சொல்லிப் பத்து சர்வ் போடுங்கள். என்னிடம் வந்த ஒரு மாணவி பயிற்சியில் யாராவது கைப்பேசியில் படம் எடுத்தாலே சர்வை வலையில் போடுவாள். ஆறு வாரம், ஒவ்வொரு பயிற்சியின் கடைசியிலும், அவளே கேமராவை வைத்துவிட்டு ஆடினாள். அவளுடைய படபடப்பு குறைந்ததாக அவள் ஒருபோதும் சொல்லவில்லை. சர்வ் விழத் தொடங்கியது.

மனக்காட்சிப் பயிற்சி பற்றி நிறையப் பேசுவார்கள். 1983-இல் ஃபெல்ட்ஸ், லேண்டர்ஸ் இருவரும் 60 ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது எளிது: மனதில் ஆடிப் பார்ப்பது, ஒன்றுமே செய்யாததைவிட நல்லது. உடம்பால் செய்யும் பயிற்சிக்கு அது ஈடாகாது, அதோடு சேர்த்துச் செய்வதே நல்லது. கோப்பையைத் தூக்குவதைக் கற்பனை செய்வதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. தவறிய பிறகு என்ன செய்வீர்கள் என்பதைக் காட்சியாகப் பழகுவதில் இருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதியில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, சுவர் தெரியாமல் போனது. கைவீச்சுகளை எண்ணிக்கொண்டே நீந்தி, 1 நிமிடம் 52.03 நொடியில் உலக சாதனையோடு முடித்தார். எண்ணிக்கை தெரிந்திருந்ததால் முடிந்தது. உங்கள் காட்சியில் முதல் இரண்டு சர்வும் வலையில் விழட்டும். மூன்றாவதற்கு முன் மூச்சு எப்படிப் போகிறது, கண் எங்கே நிற்கிறது, ஷட்டிலின் இறகு விரலில் எப்படிப் படுகிறது என்று பாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் தாராளம்.

இனி இணையத்தில் உங்கள் கண்ணில் படப்போகிற, நான் நம்பாத அல்லது பாதி நம்பும் சில விஷயங்கள். கைகளை விரித்து வீரமாக இரண்டு நிமிடம் நின்றால் உடம்பின் ஹார்மோன்களே மாறும் என்பது, பெரிய அளவில் மறுபடி சோதித்தபோது நிற்கவில்லை. தைரியம் வந்ததுபோல் ஓர் உணர்வு வரலாம், அவ்வளவுதான். பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் யாரும் சிகரத்தைத் தொடலாம் என்பதும் அப்படி. 2014-இல் தொகுத்துப் பார்த்தபோது, விளையாட்டில் ஒருவருக்கொருவர் உள்ள வித்தியாசத்தில் 18 சதவீதத்தையே திட்டமிட்ட பயிற்சியின் அளவால் விளக்க முடிந்தது. பயிற்சி வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை, மற்றவையும் உண்டு. படபடப்பை "ஆர்வமாக இருக்கிறது" என்று பெயர் மாற்றிச் சொல்லிக்கொள்வது உதவும் என்று 2014-இல் ஓர் ஆய்வு சொன்னது. பாடுவது, மேடையில் பேசுவது, கணக்குப் போடுவது ஆகியவற்றில் சோதித்தார்கள், பேட்மின்டனில் அல்ல. செலவில்லாதது, முயன்று பாருங்கள்.

ஆட்டம் மனத்தை எப்படி மாற்றுகிறது என்ற இரண்டாம் பாதிக்கு வருகிறேன் என்றேன். உங்கள் வயதில் ஒருவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதில், சுற்றியிருக்கும் பெரியவர்கள் பேசும் விதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் ஸ்மித், ஸ்மோல் என்ற இருவர் சிறுவர் பேஸ்பால் கோச்சுகளுக்கு ஒரு சிறு பயிற்சி கொடுத்தார்கள்: நல்ல முயற்சியைப் பார்த்தால் சொல், தவறினால் முதலில் தேற்று, பிறகு திருத்து, தண்டிக்காதே. அடுத்த பருவத்தில் அந்தக் கோச்சுகளிடம் ஆடிய சிறுவர்களில் 5 சதவீதம் பேர் விலகினார்கள். பயிற்சி பெறாத கோச்சுகளிடம் ஆடியவர்களில் 26 சதவீதம். கோச்சுகளின் எண்ணிக்கை சிறியது, ஆகவே எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். போகும் திசை எனக்குச் சந்தேகமில்லாதது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கனடா ஐஸ் ஹாக்கியில் 1980-களில் கவனித்தார்கள், வயதுப் பிரிவைக் கணக்கிடும் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அணிகளில் அளவுக்கு மீறி இருந்தார்கள். ஒரே வயதுப் பிரிவில் பத்து மாதம் மூத்தவர் உடம்பில் முந்தியிருப்பார், அதைத் திறமை என்று நினைத்துவிடுகிறோம். உங்கள் பிரிவில் உங்களைவிட வலுவானவர்களின் பிறந்த மாதத்தைக் கேட்டுப் பாருங்கள், மனம் கொஞ்சம் லேசாகலாம்.

உங்கள் கோச் கெட்ட எண்ணத்தில் அப்படிச் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அவர் காலத்தில் அவருக்கும் யாரோ அப்படியே சொல்லியிருப்பார்கள். அவரிடம் போய் "எனக்கு மன உறுதி இருக்கிறது" என்று வாதிடுவதால் பயனில்லை. "சர்வுக்கு முன் என் தோள் இறுகுகிறது, பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடம் ஸ்கோர் வைத்து சர்வ் மட்டும் போடட்டுமா?" என்று கேளுங்கள். குறிப்பாகக் கேட்டால் பெரும்பாலான கோச்சுகள் உதவுவார்கள்.

தூக்கத்தைப் பற்றி வேகமாக: 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் பரிந்துரைக்கப்படுகிறது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய இளம் வீரர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 1.7 மடங்கு இருந்தது. தூக்கக் குறைவுதான் காரணம் என்று அந்த ஆய்வால் நிரூபிக்க முடியாது. என்றாலும் போட்டிக்கு முந்தைய வாரத் தூக்கத்தை விட்டுவிட்டு மூச்சுப் பயிற்சி தேடுகிறவர்களிடம் நான் முதலில் தூக்கத்தைத்தான் கேட்பேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் மேலே சொன்ன எதுவும் போதாது. கோர்ட்டை விட்டு வந்த பிறகும் பயம் விடவில்லை, இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ இல்லை, நண்பர்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை, உயிரோடு இருப்பதே சுமை என்று தோன்றுகிறது என்றால், அது ஆட்டத் திறமை பற்றிய விஷயம் அல்ல. தாமதிக்காமல் நம்பும் ஒரு பெரியவரிடம் சொல்லி மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பார்க்க வேண்டும். உச்சத்தில் இருப்பவர்களுக்கும் அது நேர்கிறது. 2008 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிறகுதான் தன் வாழ்வின் பெரிய மனநெருக்கடி வந்தது என்று துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில், காற்றில் சுழலும்போது தன் உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வு அறுந்துபோனதால் அணி இறுதிப் போட்டியிலிருந்து விலகினார். அந்த நிலையில் தொடர்ந்திருந்தால் கழுத்து முறியும் ஆபத்து இருந்தது. 2024-இல் பாரிஸில் மூன்று தங்கம் வென்றார்.

தொழில் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. பொதுவான பாதை: உளவியலிலோ விளையாட்டு அறிவியலிலோ இளங்கலை, பிறகு விளையாட்டு உளவியலில் முதுகலை, அதன்பின் அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் சில காலம் வேலை. நோய்க்குச் சிகிச்சை தரவேண்டுமானால் மருத்துவ உளவியலில் தனித் தகுதி தேவை. முழுநேர வேலைகள் குறைவு. என்னைப் போன்ற பலர் கற்பிப்பதையும் ஆலோசனையையும் சேர்த்தே நடத்துகிறோம். இப்போதே செய்யக்கூடியது, புள்ளியியலுக்கு அஞ்சாமல் இருப்பது. இந்தத் துறையில் பொய்யையும் மெய்யையும் பிரிக்க அதுதான் கருவி.

நீங்கள் எழுதியதில் எனக்கு ஒரு தகவல் குறைகிறது. போட்டியில் சர்வ் தவறும்போது முதலில் வருவது எது: தோள் இறுகுவதா, "தவறிவிடுமோ" என்ற எண்ணமா? அடுத்த மூன்று ஆட்டங்களில் கவனித்து இங்கேயே எழுதுங்கள். தோள் என்றால் மூச்சிலிருந்தும், எண்ணம் என்றால் அந்த ஒரு சொல்லிலிருந்தும் தொடங்கச் சொல்வேன். மீதியை அதற்குப் பிறகு பார்ப்போம்.